ரேம் நிறைய இருந்தாலும் பக்கக் கோப்பை அணைக்காதீர்கள்

சொந்தமாகக் கணினி பொருத்தும் மாணவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். 16 ஜிபி, 32 ஜிபி என ரேம் வாங்கிப் பொருத்தியதும் அவர்கள் காதில் விழும் அறிவுரை ஒன்று உண்டு: “ரேம்தான் நிறைய இருக்கிறதே, மெய்நிகர் நினைவகத்தை அணைத்துவிடு. கணினி பறக்கும்!” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ரேம் வேகமானது, வட்டு மெதுவானது. ரேம் போதிய அளவு இருக்கும்போது வட்டின் பக்கம் ஏன் போக வேண்டும்?

இந்த அறிவுரையைப் பின்பற்றாதீர்கள் என்பதே என் கருத்து. அணைப்பதால் வேகம் கூடுவது அரிது. ஆனால், இரவு முழுதும் தொகுத்த காணொளியைச் சேமிக்கும் முன்பே மென்பொருள் மூடிக்கொள்ளும் அபாயம் நிச்சயமாகக் கூடுகிறது.

முதலில் ஒரு தெளிவு. நவீன இயங்குதளத்தில் மெய்நிகர் நினைவகத்தை அணைக்கவே முடியாது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி முகவரி வரிசையைக் கொடுத்து, அதை உண்மையான ரேமோடு இணைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். நினைவகம் சிறு சிறு பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. விண்டோஸ் கணினிகளில் ஒரு பக்கம் வழக்கமாக 4 கிலோபைட். ரேமில் இடம் வேண்டும்போது, நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை வட்டில் உள்ள ஒரு கோப்புக்கு இயங்குதளம் மாற்றி வைக்கும். அதுதான் பக்கக் கோப்பு. நண்பர்கள் அணைக்கச் சொல்வது இந்தக் கோப்பை மட்டுமே.

இந்த ஏற்பாட்டின் வயது 60 ஆண்டுகளுக்கும் மேல். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழு உருவாக்கிய அட்லஸ் கணினி 1962இல் இயங்கத் தொடங்கியது. அதன் முதன்மை நினைவகம் 100 கிலோபைட்டுக்கும் குறைவு. அதைப் போல் ஆறு மடங்கு கொள்ளளவுள்ள காந்த உருளையும் அதனுடன் இருந்தது. அதற்கு முன்பெல்லாம், எந்தத் தகவல் எப்போது நினைவகத்துக்கு வர வேண்டும் என்பதை நிரலாளரே திட்டமிட்டு எழுத வேண்டியிருந்தது. அட்லஸ் அந்த வேலையைத் தானே செய்தது. இரண்டையும் ஒரே பெரிய நினைவகம் போல நிரலாளருக்குக் காட்டியது.

“அன்று நினைவகம் குறைவு, அதனால் தேவைப்பட்டது. இன்று எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஒரு பேருந்து பதில் சொல்லும்.

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்லும் பேருந்தில் 40 இருக்கைகள். பதிவு செய்த எல்லாரும் வந்துவிடுவதில்லை. ஆனாலும், இருக்கை இல்லாமல் ஒரு டிக்கெட்டையும் விற்பதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. அதனால், இன்னொரு பேருந்தைத் தயாராக நிறுத்திவைத்து 60 டிக்கெட் விற்கிறார்கள். அன்று வந்தவர்கள் 38 பேர். இரண்டாவது பேருந்து நகரவே இல்லை. “வீணாக நிற்கிறதே” என்று அதை விற்றுவிட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை 40 டிக்கெட்டோடு முகப்பு மூடப்படும். பேருந்தில் இருக்கை காலியாகக் கிடக்கும். பயணிகளோ டிக்கெட் கிடைக்காமல் திரும்புவார்கள்.

விண்டோஸ் இப்படித்தான் நடந்துகொள்கிறது. மென்பொருள்கள் தங்களுக்கு வேண்டிய நினைவகத்தை முன்கூட்டியே பதிவு செய்கின்றன. பெரும்பாலும் பயன்படுத்துவதைவிட அதிகமாகவே கேட்கின்றன. ரேமும் பக்கக் கோப்பும் சேர்ந்த அளவுதான் பதிவுக்கான உச்சவரம்பு. உங்களிடம் 16 ஜிபி ரேமும் 8 ஜிபி பக்கக் கோப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரம்பு ஏறக்குறைய 24 ஜிபி. மென்பொருள்கள் 20 ஜிபி பதிவு செய்து 11 ஜிபி மட்டும் பயன்படுத்தினால் எந்தச் சிக்கலும் இல்லை. பக்கக் கோப்பை அணைத்தால் வரம்பு 16 ஜிபியாகச் சுருங்கிவிடும். ரேமில் 5 ஜிபி சும்மா இருக்கும்போதே “நினைவகம் போதவில்லை” என்ற செய்தி வரும். ரேமை முழுமையாகப் பயன்படுத்த உதவுவதே, நகராமல் நிற்கும் அந்த இரண்டாவது பேருந்துதான்.

லினக்ஸின் கொள்கை வேறு. எல்லாரும் வரமாட்டார்கள் என்று நம்பி, இருக்கைகளைவிட அதிகமான டிக்கெட்டுகளை அது விற்கும். எல்லாரும் வந்துவிட்டால், ஒரு மென்பொருளைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அது உங்கள் முக்கியமான வேலையாகவும் இருக்கலாம்.

வேக இழப்பைப் பற்றிய கவலை பொய்யல்ல. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க 1 வினாடி ஆகிறது என்று கணக்கை நீட்டிப் பார்த்தால், எஸ்எஸ்டி வட்டிலிருந்து எடுக்க ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். பழைய வகை வன்தட்டிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கும் மேல் ஆகும். ஆனால், ரேம் தாராளமாக இருந்தால் இயங்குதளம் வட்டை அடிக்கடி நாடுவதே இல்லை. நடக்காத ஒன்றைத் தடுப்பதால் என்ன லாபம்?

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்பது அடுத்த அச்சம். வட்டைத் தேய்ப்பது எழுதுதல்தான், வாசித்தல் அல்ல. விண்டோஸ் 7 வெளிவந்த 2009ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, பக்கக் கோப்பில் ஓர் எழுதுதலுக்கு ஏறக்குறைய 40 வாசிப்புகள் நடந்தன. எஸ்எஸ்டி வட்டில் பக்கக் கோப்பை வைப்பது பொருத்தமே என்பதுதான் அவர்களின் முடிவு.

மறுபக்கம், “ரேமைப் போல் ஒன்றரை மடங்கு வை” என்னும் பழைய விதியையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ரேம் மிகக் குறைவாக இருந்த காலத்து விதி அது. 32 ஜிபி ரேமுக்கு அதன்படி 48 ஜிபி ஒதுக்க வேண்டும்; 256 ஜிபி வட்டில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். ரேம் கூடக் கூடப் பக்கக் கோப்பின் தேவை பொதுவாகக் குறையுமே தவிரக் கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரும்பாலோருக்கு என் பரிந்துரை எளியது: அளவைத் தானாக நிர்வகிக்கும் பொறுப்பை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள். வட்டில் இடம் குறைவாக இருந்தால் மட்டும், அளந்துவிட்டு முடிவெடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைச் சொடுக்குங்கள். ‘கமிட்டட்’ என்பதன் கீழ் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பதிவான அளவு, இரண்டாவது வரம்பு. உங்கள் கனமான வேலைகளைச் செய்யும்போது ஒரு வாரம் முதல் எண்ணைக் குறித்துவையுங்கள். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது உச்சமாக 22 ஜிபியைத் தொட்டால், 6 ஜிபி கண்டிப்பாக வேண்டும். கொஞ்சம் கூட்டி 8 அல்லது 10 ஜிபி வையுங்கள். உச்ச எண் ரேமைவிடக் குறைவாக இருந்தாலும் சிறியதொரு கோப்பை விட்டுவையுங்கள். நீலத்திரை தோன்றிக் கணினி நின்றுபோனால், காரணத்தைக் கண்டறிய உதவும் பதிவு வழக்கமாக இந்தக் கோப்பின் வழியாகத்தான் சேமிக்கப்படுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பக்கக் கோப்பு ரேமுக்கு ஈடாகாது. 4 ஜிபி ரேம் கொண்ட கணினி திணறினால், கோப்பைப் பெரிதாக்குவதால் அது வேகம் பெறாது. பக்கங்களை மாற்றி மாற்றி வைப்பதிலேயே நேரம் போய்விடும். அங்கே தேவை கூடுதல் ரேம்தான். கைப்பேசி விளம்பரங்களில் “8 ஜிபி + 8 ஜிபி” என்று பார்க்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது 8 பெரும்பாலும் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. அதை 16 என்று கூட்டிக்கொண்டு பெற்றோரின் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றை நீங்கள் தமிழ்ப்பள்ளியிலேயே படித்தவர்கள். “அணைத்தால் வேகம் கூடும்” என்பதும் ஒரு கருதுகோள்தான். யார் சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, அதே வேலையை அதே கணினியில் செய்து, நேரத்தை அளந்து பாருங்கள். அதற்கு முன் உங்கள் வேலையை மறக்காமல் சேமித்துவிடுங்கள்.