நிக்காஹ் புத்தகம் எங்கே இருக்கிறது?

உங்கள் பாட்டனாரைப் பெற்றவரின் பெயர் என்ன? வாசகர்களே, இதழைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயரைச் சொல்லிவிட்டவர்கள், அவர் எந்த ஊர் மையவாடியில் அடங்கியிருக்கிறார், அவருடைய துணைவியார் யாருடைய மகள் என்பதையும் சொல்லுங்கள். ஒரு ஜும்ஆ பயானில் இதை நான் கேட்டேன். நிறைந்திருந்த பள்ளிவாசலில் கை தூக்கியவர்கள் மூன்று பேர்.

இங்கிலாந்தில் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. 1998ல் தொடங்கப்பட்டது. தங்கள் பாட்டன் இந்தியாவில் சிப்பாயாக இருந்தானா, ரயில் ஓட்டினானா, எந்த ஊரில் புதைக்கப்பட்டான் என்று தேடும் பேரன் பேத்திகளுக்கு உதவுவதே அதன் வேலை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளை அதன் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் படியெடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். புதிதாகத் தேடுகிறவருக்கு, தேடிப் பழகியவர் வழிகாட்டுகிறார்.

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் தேவாலயத்தில் 1680ல் நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. 1753ல் ராபர்ட் கிளைவுக்குத் திருமணம் நடந்ததும் அங்கேதான். இரண்டுக்கும் பதிவு இருக்கிறது. மாகாணங்களின் தேவாலயப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கம்பெனி ஆட்சியே ஏற்படுத்தி வைத்திருந்தது. இங்கே ஏட்டைக் கரையான் தின்றாலும் அங்கே நகல் பத்திரம்! நம்மைச் சுரண்ட வந்தவனின் கல்யாணத்துக்கு ஆதாரம் இருக்கிறது. உங்கள் உம்மம்மாவின் கல்யாணத்துக்கு இருக்கிறதா?

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த கலையா? இல்லை. வமிசவழி அறிவதில் குறைஷியரிலேயே கைதேர்ந்தவர் என்று பெயர் பெற்றவர்கள் ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மானியப் பட்டியல் தயாரிக்க நினைத்தபோது, வமிசவழி தெரிந்த அகீல், மக்ரமா, ஜுபைர் இப்னு முத்இம் (ரலி - அன்ஹும்) மூவரையும் அழைத்து எழுதச் சொன்னார்கள். வாரிசுரிமைப் பங்கைப் பிரிக்கவும், யார் மஹ்ரம் என்று அறியவும், அறுந்த உறவைச் சேர்க்கவும் இந்த அறிவு வேண்டும். நாங்கள் உயர்ந்த குடும்பம், அவர்கள் தாழ்ந்த குடும்பம் என்று பேசுவதற்கல்ல. அப்படிப் பேசுகிற ஊர்களும் நம்மிடம் இருக்கின்றன. சம்பந்தம் பேசப் போகும்போது தெரியும். அந்த ஜாஹிலிய்யத்தைத் தூக்கி எறியுங்கள். அதோடு சேர்த்து ஏட்டையும் எறிந்துவிடாதீர்கள்!

ஏன் இப்போது இந்தப் பேச்சு? அஸ்ஸாமை நினைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 31ல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேருக்கு இடமில்லை. 1971 மார்ச் 24க்கு முந்தைய ஆவணத்தில் தன் பெயரோ முன்னோர் பெயரோ இருக்க வேண்டும். அந்த முன்னோருக்குத் தான் வாரிசு என்றும் நிரூபிக்க வேண்டும். இதில் அதிகம் தவித்தது பெண்கள். சிறுவயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு வேறு ஊருக்குப் போனவளுக்கு, தான் இன்னாருடைய மகள் என்று காட்ட ஊராட்சிச் செயலர் தந்த சான்றைத் தவிர வேறு காகிதம் இல்லை. 2017ல் அதுவும் செல்லாது என்றது குவாஹாட்டி உயர்நீதிமன்றம். அதே ஆண்டில் உச்சநீதிமன்றம், சரிபார்ப்புக்கு உட்பட்டு அதை ஏற்கலாம் என்றது. இடையில் அந்தப் பெண்கள் தூங்கியிருப்பார்களா?

அது அங்கே என்று சும்மா இருந்தோம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நம் வாசலுக்கே வந்தது. பழைய பட்டியலில் உன் பெயர் எங்கே, உன் வாப்பா பெயர் எங்கே என்று படிவம் கேட்டது. நம் தெருவில் ஒரு சகோதரியின் வாப்பா ஒரு காகிதத்தில் காதர் மைதீன், இன்னொன்றில் அப்துல் காதர், மூன்றாவதில் வெறும் மொய்தீன். மூவரும் ஒரே ஆள் என்று சொல்ல ஒரு பெரியவர் உயிரோடு இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், அவர் இருந்தார்!

நிக்காஹ் புத்தகத்தைப் பாருங்கள். மணமகன், அவர் தகப்பனார், மணமகள், அவர் தகப்பனார், வலி, சாட்சிகள், மஹர், தேதி, கையொப்பம். ஒரே பக்கத்தில் இரண்டு குடும்பங்கள். பெண்ணின் பெயர் தகப்பன் பெயரோடு சேர்ந்து நிற்கும் பழைய ஏடு இதைவிட வேறேது? இதை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? ஒரு மஹல்லாவில் பழைய புத்தகத்தைக் கேட்டேன். நிர்வாகம் மாறியபோது முந்தைய செயலாளர் வீட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த வீட்டுக்குப் போனால், வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறக்கி எடைக்குப் போட்டுவிட்டார்களாம். இன்னோர் ஊரில் புத்தகம் இருக்கிறது, பாதி அரபுத்தமிழில். அதைத் தடையின்றி வாசிக்க அந்த ஊரில் மிஞ்சியிருப்பவர் முதிய உஸ்தாத் ஒருவர்தான்.

ஜமாஅத் நிர்வாகிகளே, கோடிக்கணக்கில் மினாரா கட்டுகிறீர்கள். ஓர் இரும்பு அலமாரி வாங்க முடியாதா? பட்டம் படித்த இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் செய்யுங்கள். ஒரு நகல் பள்ளியில், ஒரு நகல் வெளியூரில் இருக்கட்டும். மையவாடி ஏட்டையும் வக்பு பத்திரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது தன் குடும்பத்தைத் தேடி வந்தால், பினாங்கிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வந்தாலும், உட்கார வைத்துப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள். ஏட்டை வெளியே கொடுத்தனுப்பாதீர்கள், கட்டணமும் வாங்காதீர்கள்.

வீட்டில் பெத்தா, நன்னி இருந்தால் இன்று இஷாவுக்குப் பிறகு ஒரு நோட்டோடு அவர்கள் அருகில் உட்காருங்கள். எழுதும்போது ஆண்களின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அரபுத்தமிழ் வாசிக்க ஆள் இல்லாத ஜமாஅத்துகள் நமக்கு ஒரு கடிதம் போடுங்கள். வாசிக்கத் தெரிந்த ஆலிம்களை அனுப்பி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.