வீட்டுக்குள் ஒரு சர்வர்: ஒரு குமாஸ்தாவின் கருத்து

"இலவசம்தானே, போட்டுப் பாருங்கள்" என்று யாராவது ஒரு மென்பொருளைப் பற்றிச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பிரெஞ்சில் படித்தவனுக்கு 'கிராத்துய்' வேறு, 'லீப்ர்' வேறு. முன்னது காசு வாங்காமல் கொடுப்பது, பின்னது கட்டில்லாதது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

காசு மிச்சம் என்பதற்காக யாரும் வீட்டில் சர்வர் வைக்க வேண்டாம். மின்சாரம், ஹார்ட் டிஸ்க் என்று கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. விஷயம் வேறு. கூகுள் ஃபோட்டோஸில் 2021 ஜூன் 1 வரை கணக்கில்லாமல் படம் ஏற்றலாம் என்றிருந்தது. அதன்பின் மெயில், கோப்பு, படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபி, மேற்கொண்டு வேண்டுமானால் வாடகை என்றார்கள். அவர்கள் வீடு, அவர்கள் சட்டம். புதுச்சேரியில் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டுப் படத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் படங்கள்தான் சொத்து. சொத்தை வாடகை வீட்டில் மட்டும் வைக்கலாமா?

பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பிள்ளைகள் ஒதுக்கிவிட்ட லேப்டாப், 4 ஜிபி நினைவகம் இருந்தால் போதும். பேட்டரி உயிரோடு இருந்தால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும், தனி யுபிஎஸ் வேண்டாம். அதில் டெபியன் போட்டிருக்கிறேன். 1993-இல் இயன் மர்டாக் என்ற இளைஞர் தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் புதிய பதிப்பு. சலிப்பூட்டும் அளவுக்கு மாறாமல் இருப்பது நம் வயதுக்கு ஏற்றது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பயப்படுபவர்கள் யூனோஹோஸ்ட் பார்க்கலாம். அதுவும் டெபியன் மேல் கட்டியதுதான், பிரவுசரிலேயே எல்லாம் செய்யலாம்.

படங்களை வைக்க எது என்பதில்தான் இளைஞர்களோடு எனக்குச் சண்டை. அவர்கள் இம்மிச் என்பார்கள். முகத்தை வைத்துத் தேடித் தருகிறது, அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் அமைப்பில் ஓர் இடத்தை நாமாக மாற்றாவிட்டால், படங்களைத் தன் வசதிக்கு எண்ணும் எழுத்துமாகப் பெயர் மாற்றி அடுக்கிக்கொள்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் அப்படியல்ல. நாம் வைத்த பெயரிலேயே, நாம் வைத்த அடைவிலேயே கோப்பு கிடக்கும். முப்பது வருடம் ரெக்கார்டு ரூம் பார்த்தவன் நான். ஒரு கிளார்க்குக்கு மாற்றல் வந்தால் அடுத்தவர் வந்து கோப்பை எடுக்க முடிய வேண்டும், அதுதான் என் அளவுகோல். எழுபதுக்கு மேல் மாற்றல் உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரும்.

ஆகவே வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறேன். அந்த டிஸ்க்கை மட்டும் எக்ஸ்ஃபேட் முறையில் வைத்திருக்கிறேன். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் முறையில் வைத்தால், மகன் விண்டோஸில் செருகிப் பார்க்கும்போது எதுவும் தெரியாது, காலி டிஸ்க் என்று அழித்துவிடவும் கூடும்.

மெயிலை மட்டும் வீட்டு சர்வரில் வைக்காதீர்கள். வீட்டு இணைப்பிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் நம்புவதில்லை, ஸ்பாமில் தள்ளிவிடும். பென்ஷன் விஷயத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். வெளியுலகுக்குக் கதவு திறந்து வைப்பதும் தேவையற்றது. என் சர்வர் வீட்டு வைஃபைக்குள் மட்டும்தான். கைபேசி வீட்டுக்குத் திரும்பியதும் படங்கள் தானாக ஏறிக்கொள்கின்றன.

கடவுச்சொல்லும், எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்ற குறிப்பும் ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வந்த மகளிடம் படித்துப் பார்க்கச் சொன்னேன். "வைஃபை பெட்டியை மாற்றினால் என்னப்பா செய்வது?" என்று கேட்டாள். அதையும் நான்கு வரி எழுதிச் சேர்த்திருக்கிறேன்.