மாத்திரைகள் எங்கே போகின்றன?

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, இன்று சற்று மாறுபட்ட செய்தி ஒன்றை எழுத விழைகிறேன்.

என் தந்தையார் மறைந்தபின், அலமாரியில் எஞ்சியிருந்த அவருடைய மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டி நீரூற்றினேன். அருகில் நின்ற மகள், "அப்பா, இதெல்லாம் எங்கே போகும்?" எனக் கேட்டாள். அறிவியல் கற்பிக்கும் எனக்கு விடை வரவில்லை. தேடிப் படித்தபோதுதான் உறைத்தது.

கழிவுநீர் நிலையங்களின் நுண்ணுயிரிகள் மலத்தையும் உணவுக் கழிவையும் சிதைக்கவல்லன. ஆனால், வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின் போன்ற மருந்துகள் பெரும்பாலும் சிதையாமலே ஆற்றை அடைகின்றன. ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சசின் இருந்ததாக 2007இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இத்தகைய நீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்பதே பேரச்சம்.

இதற்குத் தீர்வாகப் பேசப்படுவது ஒளிவினையூக்கி. வெள்ளைச் சாயத்தில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின்மீது புற ஊதாக் கதிர் பட்டால் நீர் பிளவுபடும் என்பதை 1972இல் ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அறிவித்தனர். அதே ஒளி, நீரில் ஹைட்ராக்சில் எனும் வீரியமிக்க துணுக்குகளையும் உண்டாக்கும். அவை மருந்து மூலக்கூறுகளை உடைத்து, முடிவில் கரிவளியாகவும் நீராகவும் மாற்றவல்லன. வினையூக்கியோ தீர்ந்துபோவதில்லை.

அருமையான அறிவியல்தான். எனினும், சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 5 விழுக்காடே. கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது. நுண்பொடியை மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். வினை பாதியில் நின்றால் வேறு நச்சுப்பொருள்கள் எஞ்சலாம். அதனால்தான் 2016இல் இதற்கெனச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய சுவிட்சர்லாந்தும் ஓசோனையும் கரியையுமே பெரிதும் நாடியது.

"ஒரு பட்டை மாத்திரையால் ஆறு கெட்டுவிடுமா?" எனக் கேட்கலாம். உண்மைதான், சிறுநீர்வழிச் செல்வதே மிகுதி. அதனை நாம் தடுக்கவியலாது. கழிவறையில் கொட்டுவதையோ இன்றே நிறுத்தலாம். நாளைய தொழில்நுட்பத்தைக் காட்டி இன்றைய கடமையைத் தள்ளிப்போடுவது முறையன்று. மீந்த மருந்துகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் மருந்தகங்கள் இருந்தால், அங்கே ஒப்படைக்கலாம். இதனை நம் வகுப்பறைகளில், நம் தமிழிலேயே சொல்லிக் கொடுப்போம்.

என் வீட்டு அலமாரியில் இப்போது மீந்த மருந்துகளுக்கென்று ஒரு பை தொங்குகிறது. அதனைத் தொங்கவிட்டவள் என் மகள்.

சிந்திப்போம், செயற்படுவோம்.