உடல் வந்த பிறகு

வளைகுடாவில் வேலைக்குப் போனவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், ஊர் கேட்கும் முதல் கேள்வி "பாடி எப்ப வரும்?" என்பதுதான். எம்.எல்.ஏ., ஜமாத், சங்கம் என்று எல்லாரையும் பிடித்து உடலைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அடக்கம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. அவருக்கு வரவேண்டிய பணம் அங்கேயே நிற்கிறது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

கேட்க வேண்டிய இடம் இந்தியத் தூதரகம். தன் நாட்டவர் அயல்மண்ணில் இறந்தால் அவருடைய வாரிசுகளின் நலனைக் காப்பது தூதரகப் பணிகளில் ஒன்று என்கிறது 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். ஆனால் தூதரக அதிகாரி நீதிபதி அல்ல. இறந்தவரின் வங்கிக் கணக்கைத் திறக்கவோ கடனைத் தள்ளுபடி செய்யவோ அவரால் முடியாது. அதெல்லாம் அந்நாட்டு நீதிமன்றத்தின் வேலை. முதலாளியிடம் பாக்கியைக் கேட்டு வலியுறுத்தலாம், வந்த பணத்தை வாரிசிடம் சேர்க்கலாம். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானிலேயே ஒரு குடும்பத்தின் சில வருடங்கள் அடங்கியிருக்கின்றன. உதாரணமாக, அமீரகச் சட்டப்படி பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். மாதம் 1,000 திர்ஹம் அடிப்படைச் சம்பளத்தில் 12 ஆண்டு உழைத்தவருக்கு 10,500 திர்ஹம் வரும். நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். கடைசி மாதச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான தொகையும் தனி.

எனக்குப் பதற்றம் தருவது இழவு வீட்டில் வாங்கப்படும் கையெழுத்து. உடலை அனுப்ப ஒப்புதல் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வரும். அழுத கண்ணோடு இறந்தவரின் மனைவி கையெழுத்துப் போடுவாள். யாருக்கு அதிகாரம் கொடுக்கிறோம், உடலை அனுப்ப மட்டுமா, பணம் வாங்கவுமா என்று பக்கத்தில் இருக்கும் படித்த பிள்ளை ஒருமுறை வாசித்துச் சொல்ல வேண்டும். 'பாக்கி ஏதுமில்லை' என்று ஒரு வரி இருந்தால், கணக்குத் தெரியும்வரை கையெழுத்து வேண்டாம். தாளை நகலெடுத்து வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

காப்பீட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். பாலிசித் தாள் பல சமயம் ஏஜென்டிடம்தான் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

இனி நம் பக்கத்து வேலை. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், அதற்கு அரசின் சான்றொப்பம், பிறகு தூதரகத்துக்கு அனுப்புவது. பதில் இல்லையென்றால் 2015 முதல் இயங்கும் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். தூதரகம் பெற்ற இழப்பீடு பல நேரம் மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான் குடும்பத்துக்கு வருகிறது. பணம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்திருப்பதே தெரியாமல் ஒரு விதவை திங்கட்கிழமைதோறும் மனுவோடு வரிசையில் நிற்கும் நிலை வரக்கூடாது. இறந்தவரின் ஊரும் பெயரும் வட்டாட்சியர் கோப்பிலேயே இருக்கின்றன. அலுவலகமே அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும்.