தண்டோரா போட்டவன் தெருவுக்குத் தண்டோரா இல்லை



என் தாத்தா தண்டோரா போட்டவர். ஏரி கலங்கல் போவுது, ஆத்துல வெள்ளம் வருது, மாடு கன்ன அவுத்து ஓட்டுங்கோ என்று திருவாலங்காட்டைச் சுற்றியிருந்த ஊர்த் தெருக்களில் தப்படித்துச் சொன்னவர். ஊருக்கெல்லாம் சொல்லி முடித்து அவர் சேரிக்குத் திரும்பும்போது தண்ணி எங்க வீட்டுத் திண்ணையைத் தொட்டிருக்குமாம். ஆயா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லும்: "ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன், எங்கிட்ட வந்து இன்னாடி இவ்ளோ தண்ணின்னு கேட்டாரு நைனா."

2022 ஆகஸ்டில் தமிழக அரசு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியை அனுப்பிச் செய்தி சொல்லலாம் என்றது. நல்லது. ஒரு சாதியின் கழுத்தில் மாட்டியிருந்த இழிவு இறங்கியது. நம் கேள்வி ஒன்றுதான்: அந்த வண்டி எந்தத் தெரு வரைக்கும் வருகிறது?

வானிலை அறிக்கையைக் கேலி பேசுவது நம்மில் பலருக்குப் பழக்கம். மழைன்னு சொன்னா வெயில் அடிக்கும் என்கிறோம். இந்தக் கேலியை விடவேண்டும். 1999இல் ஒடிசாவைப் பெரும்புயல் அடித்தபோது சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013இல் அதே கரையை பைலின் புயல் தாக்கியது. அதற்குள் கரையோரம் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் வந்திருந்தன. முன்னறிவிப்பு நாட்கணக்கில் முன்பே கிடைத்தது. சுமார் 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். சாவு நூறைக்கூட எட்டவில்லை. செயற்கைக்கோளும் ராடாரும் மட்டும் செய்த வேலையல்ல இது. கடைசிக் குடிசை வரை ஒரு ஆள் நடந்துபோய்க் கதவைத் தட்டினான். அவர்கள் போய்த் தங்க ஒரு கட்டடமும் திறந்திருந்தது.

இதன் மறுபக்கத்தை 2017இல் குமரி மீனவர்கள் அனுபவித்தார்கள். ஒக்கி புயலின் எச்சரிக்கை கரைக்கு வந்தபோது ஆழ்கடலுக்குப் போனவர்கள் போயே விட்டிருந்தார்கள். போய்ச் சேராத அறிவிப்பு அறிவிப்பே அல்ல.

இப்போது நம்ம பக்கத்துக்கு வருவோம். வானிலை மையம் நிறம் காட்டுகிறது. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதை அதிகனமழை என்கிறார்கள். அறிவிப்பு "திருவள்ளூர் மாவட்டம்" என்று வரும். நனைவது மாவட்டம் முழுதும்தான். மூழ்குவது எது? ஏரிக்குக் கீழே, ஓடைக்கு ஓரத்தில், ஊரார் வேண்டாமென்று ஒதுக்கிய பள்ளத்தில் யாரைக் குடிவைத்தார்களோ அவர்களின் தெரு. மழையை மேகம் தருகிறது. பள்ளத்தை நமக்குத் தந்தது சாதி.

எங்களுக்கு மேலே பெய்யாத மழையும் ஆபத்துதான். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலையில் வெள்ளம் இறங்கும். நகரி ஆறும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் போய் நிற்பது 1944இல் கட்டிய பூண்டி ஏரியில். தண்ணிக்கு மாநில எல்லை தெரியாது. செய்திக்குத் தெரியும். அந்த மாநிலத்து அதிகாரி இந்த மாநிலத்து ஆட்சியருக்குச் சொல்லி, ஆட்சியர் தாசில்தாருக்குச் சொல்லி, தாசில்தார் வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லி, அவர் கிராம உதவியாளருக்குச் சொல்லி, ஊரைத் தாண்டிச் சேரிக்கு வரவேண்டும். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னாரே, வெள்ளச் செய்தியும் அதே படிக்கட்டில்தான் இறங்குகிறது.

2021 நவம்பரில் செய்தி எங்களுக்கு வராமல் இல்லை. சிவப்பு எச்சரிக்கையை சாயங்காலமே செல்போனில் பார்த்துவிட்டோம். ராத்திரி தண்ணி ஏற ஆரம்பித்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். பூட்டு. சாவி ஊர்ப்பக்கம் ஒருவர் வீட்டில். "காலைல பாக்கலாம், மேல கேக்கணும்" என்றார் அவர். கைக்குழந்தைக்காரிகள் விடியும்வரை கூரை ஓரத்தில் நின்றார்கள். கொஞ்ச தூரத்தில், அரக்கோணத்தில், தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் இருக்கிறது. படகும் பயிற்சியும் அங்கே தயார். எங்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு சாவி.

வெள்ளம் வடிந்த பிறகு நம்மை எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கி எழுந்தபோது குப்பையும் சேறும் அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எச்சரிக்கையில் கடைசி ஆள், சேறு அள்ளுவதில் முதல் ஆள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2005ஆம் வருசத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 61. இழப்பீடும் நிவாரணமும் தருவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்க்கக் கூடாது என்கிறது. 2004 சுனாமி நிவாரணத்தில் தலித்துகளை ஒதுக்கியதைப் பார்த்த நாட்டுக்கு இது தேவையான பிரிவுதான். ஆனால் நன்றாகப் படியுங்கள்: இழப்பீடு, நிவாரணம். இரண்டும் வெள்ளம் வந்த பிறகு நடப்பவை. வருவதற்கு முன்னால் யாருக்கு முதலில் சொல்வது, யாரை முதலில் ஏற்றுவது, யாருக்குக் கதவு திறப்பது என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. செத்த பிறகு சமம் என்பதை எப்படிச் சமத்துவம் என்று ஏற்பது?

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் திட்டம் இருக்கவேண்டும், பாதிக்கக்கூடிய இடங்கள் அதில் குறிக்கப்படவேண்டும் என்கிறது இதே சட்டம். தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சேரி, உங்கள் காலனி அதில் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அக்டோபர் 2 கிராமசபையில் எழுந்து நில்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தின கூட்டம் அது. மூன்று தீர்மானம் போதும்: எச்சரிக்கை முதலில் பள்ளத்துத் தெருவில் சொல்லப்படவேண்டும். தங்குமிடத்தின் சாவி ஒன்று காலனியில் இருக்கவேண்டும். மீட்புப் பயிற்சிப் பட்டியலில் நம் பிள்ளைகள், பெண்கள் பெயர் வேண்டும். எழுதமாட்டேன் என்றால் எழுதவைத்துவிட்டு எழுந்திருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077ஐயும் மாநில எண் 1070ஐயும் மன்றத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். மழைக்காலம் முழுக்கச் சாயங்காலம் ஒருவர் வானிலை அறிக்கையைச் சத்தமாகப் படியுங்கள். செல்போன் இல்லாத கிழவிகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

போன மழைக்கு நானே படித்தேன். ஆயா வாசலில் உட்கார்ந்து முழுதும் கேட்டது. பிறகு சொன்னது: "உங்க தாத்தா ஊருக்குச் சொன்னாரு. நீ இங்க சொல்ற. அந்த சாவிய மட்டும் வாங்கிடு நைனா."

தோழமையுடன்,
ஆசிரியர்