பீடி சிறியது, கேடும் சிறியதா?

தம்பானூரில் மாலை ஆறு மணிக்கு மேல் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும். ஒரு பக்கம் ரயில் நிலையம், இன்னொரு பக்கம் பஸ் நிலையம். சிமெண்ட் படிந்த காலோடு வேலை முடிந்து வருகிற வாலிபர்கள், ஓட்டல் சிப்பந்திகள், சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர்கள், நாகர்கோவில் வண்டியில் இடம் பிடிக்கக் காத்திருக்கும் குமாஸ்தாக்கள் என்று தமிழ் பேசும் கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. சற்றுத் தள்ளி ஒரு சந்தில் முறுக்கான் கடை. இருபது வயதுப் பையன் ஒருவன் காசை நீட்டுகிறான்.

"அண்ணாச்சி, ரெண்டு பீடி குடுங்க."

"சிகரெட்டு வேண்டாமா தம்பி?"

"அது நமக்குக் கட்டாது அண்ணாச்சி. பீடி போதும்."

இப்படிப்பட்ட கடைகளில் நாள்தோறும் நடக்கிற பேச்சுத்தான் இது. யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஆனால் "பீடி போதும்" என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. வாலிபர்கள் சிகரெட்டை விட்டுவிட்டுச் சிறிய பீடியையும் சுருட்டையும் ஏன் நாடுகிறார்கள்? அவர்களாகவே விரும்பித்தான் நாடுகிறார்களா? அல்லது யாரோ அவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்களா?

காசுக் கணக்கு

முதல் காரணம் காசுதான். இதில் ஒளிவு மறைவு இல்லை. ஒரு நல்ல சிகரெட் வாங்குகிற காசுக்குப் பாதிக் கட்டுப் பீடியாவது கிடைக்கும். அன்றாடக் கூலியில் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புகிற பணம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் இந்தப் பழக்கம் நடக்க வேண்டும். சிகரெட் விலை ஏறும்போது அவன் புகையை விடுவதில்லை. சிகரெட்டை விட்டுப் பீடிக்கு இறங்குகிறான். அரசாங்கம் விலையை ஏற்றியதன் நோக்கம் அங்கேயே பாழாகிவிடுகிறது.

இந்தியா முழுவதும் 2016-17-ல் எடுத்த புகையிலைக் கணக்கில் வயது வந்தவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி பிடிப்பதாகவும், 4 சதவீதம் பேர் சிகரெட் பிடிப்பதாகவும் தெரிய வந்தது. ஆக, இந்த நாட்டின் புகை என்பது பெரும்பாலும் பீடிப் புகைதான்.

இரண்டாவது காரணம் சில்லறை விற்பனை. முழுப் பாக்கெட் வாங்க வேண்டும் என்றால் பையன் யோசிப்பான். ஒன்று, இரண்டு என்று எடுத்துக் கொடுத்தால் யோசிக்க நேரமில்லை. 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் 85 சதவீத இடத்தில் புற்றுநோய்ப் படத்தோடு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒற்றைப் பீடி வாங்குகிறவன் கண்ணில் அந்தப் படம் படுவதே இல்லை. படம் கடைக்காரரிடம் தங்கிவிடுகிறது. பீடி மட்டும் பையனிடம் போகிறது.

"இலைதானே" என்ற எண்ணம்

மூன்றாவது காரணம் ஒரு நம்பிக்கை. "சிகரெட்டில் காகிதம், பஞ்சு, மருந்து எல்லாம் இருக்கிறது. பீடி வெறும் இலை. அதிலே இருக்கிற தூளும் கொஞ்சம்" என்று பேசுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை இது. ஒரு பீடியில் இருக்கும் புகையிலை, சிகரெட்டில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான். மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

பீடி இலைக்குள் காற்று எளிதில் புகாது. அதனால் பீடி அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க வேண்டுமானால் அடுத்தடுத்து, ஆழமாக இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது தாரும் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. தூள் குறைவு என்பதால் விஷம் குறைவு என்று எண்ணுவது, கத்தி சிறியது என்பதால் காயம் ஆறிவிடும் என்று எண்ணுவதைப் போன்றது.

சென்னையிலும் விழுப்புரம் வட்டாரத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து டாக்டர் கஜலட்சுமியும் மற்றவர்களும் செய்த ஆராய்ச்சி, 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று அது காட்டியது. வெளியூரில் ஓர் அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் தொழிலாளிக்கு இந்தச் செய்தி மிக முக்கியமானது. புற்றுநோய் என்றால் வயதான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவன்கூட, காசநோய் அப்படிக் காத்திருக்காது என்பதை அறிவான்.

நான்காவது, கௌரவம். சிகரெட் முதலாளிக்கு, பீடி உழைப்பாளிக்கு என்ற எண்ணம் நெடுங்காலமாக இருக்கிறது. சினிமாவும் அதற்கு எண்ணெய் ஊற்றியது. 2002-ல் வந்த 'பாபா' படத்தில் ரஜினிகாந்த் பீடி பிடிக்கும் காட்சிகளை டாக்டர் ராமதாஸ் கண்டித்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது நினைவிருக்கும். கதாநாயகன் கையில் இருந்தால் பீடியும் அலங்காரமாகிவிடுகிறது.

அமெரிக்காவிலும் இதே கதை

இது ஏழை நாட்டின் பிரச்னை மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2009-ல் சிகரெட் மீதும் சிறு சுருட்டு மீதும் மத்திய வரியை உயர்த்தி ஒரே அளவாக்கினார்கள். பெரிய சுருட்டுக்கு மட்டும் விலையை வைத்து வரி. ஆயிரம் சுருட்டின் எடை மூன்று பவுண்டுக்கு மேல் போனால் அது "பெரிய சுருட்டு". கம்பெனிகள் என்ன செய்தன? சிறு சுருட்டின் எடையைக் கொஞ்சம் கூட்டி, அதையே பெரிய சுருட்டு என்று சொல்லி விற்றன. வரி குறைந்தது, விலையும் குறைந்தது.

அதே ஆண்டு சிகரெட்டில் பழ வாசனை சேர்ப்பதற்கும் அங்கே தடை வந்தது. சுருட்டுக்கு அந்தத் தடை இல்லை. திராட்சை, செர்ரி வாசனையோடு சிறு சுருட்டுகள் கடைகளில் நிறைந்தன. விலை மலிவு, ஒன்றிரண்டாகக் கிடைக்கும், இனிப்பு வாசனை, "இது சிகரெட் இல்லை" என்ற மனச் சமாதானம். வாலிபர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. அதற்கு முன்பே, 1990-களில், இந்தியப் பீடி சாக்லேட், ஸ்ட்ராபெரி, மாம்பழ வாசனைகளில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களிலும் பலர் "இயற்கையான இலை" என்றே நம்பினார்கள்!

தம்பானூர் சந்தில் நிற்கும் பையனும் அமெரிக்கப் பையனும் ஒரே காரணத்துக்காகத்தான் சிறியதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டம் எங்கே ஓட்டை விடுகிறதோ அங்கே புகை நுழைகிறது.

கோர்ட் ஒன்று, வரி ஒன்று

சுருட்டு தமிழருக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்ற சொல்லே தமிழிலிருந்து போனது. திருச்சிச் சுருட்டின் சாம்பலை ஷெர்லாக் ஹோம்ஸ் அடையாளம் கண்டுபிடிப்பதாக 1887-ல் வந்த கதையில் கோனன் டாயில் எழுதினார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு செய்து கடல் கடந்து விற்றது. ஆனால் பெருமை வேறு, நுரையீரல் வேறு. புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டுவிட்டாலும் சுருட்டு வாயில் புற்றுநோயைக் கொண்டுவரும்.

பீடி, சுருட்டு, சிகரெட் என்று பேதம் பார்க்காமல் பேசியது கேரள உயர் நீதிமன்றம். 1999 ஜூலை 12-ல், தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணனும் நீதிபதி நாராயண குரூப்பும் பொது இடங்களில் புகைப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். சிகரெட்டானாலும் சுருட்டானாலும் பீடியானாலும் ஒன்றே என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றமும், 2003-ல் பாராளுமன்றமும் அதே வழியில் நடந்தன. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, பள்ளி கல்லூரியிலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற சட்டமும் மூன்றுக்கும் பொது.

வரி மட்டும் பேதம் பார்க்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீதத்தின் மேல் தனியாக ஈட்டு வரியும் போட்டார்கள். பீடிக்கு அந்தக் கூடுதல் வரி இல்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியபோது சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்றும், பீடிக்கு 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைப்பு என்றும் முடிவாயிற்று. இடைவெளி இன்னும் அகன்றது. ஒரு கதவை அடைத்துப் பக்கத்துக் கதவை அகலத் திறந்து வைப்பது புகையை நிறுத்தும் வழியா?

தாய் சுற்றுகிறாள், மகன் ஊதுகிறான்

இதற்கு அரசாங்கத் தரப்பில் சொல்லும் பதில் ஒன்று உண்டு. பீடி சுற்றும் தொழிலாளர் நாட்டில் சுமார் 50 இலட்சம் பேர். பெரும்பாலோர் பெண்கள். வரியை ஏற்றினால் அவர்கள் அடுப்பு அணைந்துவிடும் என்கிறார்கள்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தம்பானூரில் இறங்கும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பையன்களில் பலருடைய வீட்டில் தாயோ அக்காவோ மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியவர்கள்தான். முக்கூடலும் மேலப்பாளையமும் கடையமும் பீடியால் பெயர் பெற்ற ஊர்கள். பள்ளிக் கட்டணம் பீடிக் கூலியில் கட்டப்பட்டது. கல்யாணக் கடன் பீடிக் கூலியில் அடைந்தது. அந்தக் கைகளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பீடிக்கு இத்தனை காலம் காட்டிய சலுகை அந்தத் தாயின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? பழகிய கைக்கும் ஆயிரம் பீடி சுற்ற ஒரு முழுப் பகல் வேண்டும். குனிந்த முதுகும் தூளை முகர்ந்த நெஞ்சும் அவளுடையவை. கழிவு என்று தள்ளும் பீடிக்குக் கூலி இல்லை. வரிச் சலுகையின் இலாபம் கம்பெனியில் தங்குகிறது. அவள் பெயரைச் சொல்லித்தான் அது கேட்டு வாங்கப்படுகிறது. முன்பு ஆண்டுக்கு 20 இலட்சம் பீடி வரை செய்யும் சிறு உற்பத்தியாளருக்கு வரிவிலக்கு இருந்தபோது, பெரிய முதலாளிகள் தொழிலைச் சிறு சிறு பெயர்களில் பிரித்துக் காட்டி அதையும் அனுபவித்தார்கள்.

வழி இல்லையா? கேரளத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1966-ல் வந்த பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு அமல் செய்தபோது, மங்களூர் முதலாளிகள் மலபாரில் கடையை மூடிவிட்டுப் போனார்கள். தெருவுக்கு வந்த தொழிலாளர்கள் 1969-ல் கண்ணூரில் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் பெரிய தொழிலாளர் கூட்டுறவுகளில் ஒன்றாக அது வளர்ந்தது. பிற்காலத்தில் பீடி விற்பனை விழுந்தபோது சங்கம் அழுதுகொண்டு உட்காரவில்லை. உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கியது. பீடி குறைந்தால் பீடித் தொழிலாளி சாக வேண்டும் என்பது விதியல்ல.

செய்ய வேண்டியது

கேரளத்தில் புகையிலை உபயோகிப்போர் 2009-10-ல் 21.4 சதவீதமாக இருந்து, 2016-17-ல் 12.7 சதவீதமாகக் குறைந்தார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. தமிழர்கள் சிந்திக்க வேண்டிய கணக்கு இது. வந்து பிழைக்கும் ஊர் விட்டுக்கொண்டிருக்கும் பழக்கத்தைச் சொந்த ஊர் பிடித்துக்கொண்டிருந்தது என்பது பெருமைக்குரிய செய்தியல்ல.

பீடிக்கும் சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் சமமான வரி வேண்டும். அப்படிக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு, பீடி சுற்றும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் கற்பிக்கவும் கடன் கொடுக்கவும் நேராகப் போய்ச் சேர வேண்டும். ஒன்றிரண்டாகச் சில்லறை விற்பதை மகாராஷ்டிர அரசு 2020-ல் தடை செய்தது. அதுபோன்ற தடை எங்கும் வேண்டும். முறுக்கான் கடை அண்ணாச்சிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மீசை முளைக்காத பையன் காசை நீட்டும்போது, தன் வீட்டுப் பிள்ளையை நினைத்துக்கொண்டால் போதும்.

மற்றது வாலிபர்கள் கையில் இருக்கிறது. நாளுக்கு ஒரு கட்டு, கட்டுக்கு 25 பீடி என்றால் மாதம் 750 பீடி. தாய் முக்கால் நாள் குனிந்திருந்து சுற்றிய அளவை, மகன் மாதாமாதம் ஊதித் தள்ளுகிறான். அதற்கு விலை காசு மட்டுமல்ல. தம்பானூர் ரயில் நிலையத்தில் காலை வண்டிகளிலிருந்து இறங்கி, எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, மெடிக்கல் காலேஜ் பஸ் எங்கே நிற்கும் என்று தமிழில் விசாரிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அங்குள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்தை நாடிக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் ஏராளம். அவர்களிலும் ஒரு காலத்தில் "நமக்குக் கட்டாது, பீடி போதும்" என்று சொன்னவர்கள் உண்டு.

"பீடி போதும்" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. இத்தனை நாள் பிடித்தது போதும் என்பதே அது. சந்தில் நிற்கும் தம்பி அந்தப் பொருளில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும்.