கப்பல் இருக்கு, கொள்ளை எங்கே?

"ஒரு கேமுக்காகவா தம்பி இவ்வளவு கோபம்?" டோபி காட்டில், பிளாசா சிங்கப்பூராவில் தே தாரிக் குடித்துக்கொண்டே கேட்டார் எனக்கு மூத்த ஓர் இலக்கிய நண்பர். அன்றைக்குச் சரியான பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன் அண்ணே.

கேமின் பெயர் ஸ்கல் அண்ட் போன்ஸ். யூபிசாஃப்டின் சிங்கப்பூர் ஸ்டூடியோ உருவாக்கியது. இந்தியப் பெருங்கடலில் கொள்ளைக் கப்பல் ஓட்டும் ஆன்லைன் கேம். 2017 ஜூனில் அறிவித்தார்கள், அடுத்த வருஷம் வரும் என்றார்கள். தள்ளித் தள்ளிப் போய் 2024 பிப்ரவரி 16-இல்தான் வந்தது.

நடுவே 2022 ஜூலையில், எப்படி விளையாடுவது என்று விரிவாகக் காட்டியபோது வெடித்தது. எதிரிக் கப்பலில் தாவி ஏறி நாமே வாள் வீச முடியாது. ஒரு சின்னக் காட்சி ஓடும், சரக்கு கைக்கு வந்துவிடும். தரையிலும் வாள் சண்டை கிடையாது. இதே நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்கில் இதெல்லாம் இருந்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் ஸ்கல் அண்ட் போன்ஸே. 'வெட்டினார்கள்' என்பதைவிட 'விட்டுவிட்டார்கள்' என்பது சரியான வார்த்தையாக இருக்கலாம். ஆனால் காத்திருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அண்ணே, பொன்னியின் செல்வன் படம் பார்த்துவிட்டு மணிமேகலை எங்கே என்று நீங்கள் எவ்வளவு நேரம் புலம்பினீர்கள்! இரண்டு பாகத்திலும் அவள் இல்லை. நீங்கள் கேட்டால் அது ரசனை, நாங்கள் கேட்டால் அடமா? நேசித்த ஒன்றில் எது உயிர், எது சதை என்று அடித்துக்கொள்வதற்குப் பெயர்தான் விமர்சனம்.

அதற்காக எங்கள் ஆட்களையும் சும்மா விட முடியாது. 'சோம்பேறி டெவலப்பர்கள்' என்று அப்போது நானும் எழுதினேன். அந்த வருஷக் கடைசியில் என் ஆபீஸில், மூன்று மாதம் உட்கார்ந்து நான் கட்டிய ஒரு வசதியை, வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் நானே எடுத்துப் போட்டேன். சோம்பல் இல்லை. சோதித்துப் பார்க்க ஆள் இல்லை, தேதியும் நகராது. அதைக் கேட்டிருந்த வாடிக்கையாளர் என்ன எழுதினார் தெரியுமா? அதே வார்த்தை. வீட்டுக்குப் போனதும் என் பழைய பதிவை அழித்தேன். கத்தரி பிடிப்பவன் ஒருவன், தேதி குறிப்பவன் இன்னொருவன்.

அப்படியானால் கோபம் யார் மேல்? விற்பவர் மேல். 2008-இல் வார்ஹேமர் ஆன்லைன் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆறு தலைநகரங்களில் நான்கும், நான்கு வீரர் வகைகளும் வெளியீட்டில் இருக்காது என்று மித்திக் நிறுவனம் சொல்லிவிட்டது. தரம் போதவில்லை என்று காரணமும் சொன்னது. திட்டு விழத்தான் செய்தது. ஆனால் எது இல்லை என்று தெரிந்தேதான் ஆட்கள் காசு கொடுத்தார்கள். ஸ்கல் அண்ட் போன்ஸ் வெளியாகும் முன் இலவசமாக விளையாடிப் பார்க்க விட்டார்கள், அது நியாயம். ஆனால் எழுபது அமெரிக்க டாலர் ஏன் என்று கேட்டபோது, நிறுவனத் தலைவர் ஈவ் கியெமோ இது 'நான்கு ஏ' கேம் என்றார். மற்ற பெரிய கேம்களுக்கெல்லாம் மூன்று ஏ-தான். இலையில் பாதிக் கறி இல்லை, பில்லில் மட்டும் விருந்து!

நாம் உட்கார்ந்திருந்த இடத்தையே பாருங்கள். ஓடைக்கரையில் இந்தியச் சலவைத் தொழிலாளிகள் துணி துவைத்ததால் வந்த பெயர். இன்று டோபியும் இல்லை, காட்டும் இல்லை. மூன்று எம்ஆர்டி தடங்கள் சந்திக்கின்றன. யாருக்கும் வருத்தமில்லை. ஏனென்றால் கார்டைத் தட்டி உள்ளே வருகிறவர் யாரும் அழுக்கு மூட்டையோடு வருவதில்லை. கொள்ளைக்காரன் கேம் வாங்குகிறவன் வாளோடுதான் வருவான் அண்ணே.

வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டினால் விலையிலும் கொஞ்சம் வெட்டுங்கள்.